மயில்சாமி அண்ணாதுரை ராக்கெட் விஞ்ஞானியா?

கொங்குப் பக்கம் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் பொள்ளாச்சிக்கு அருகே கோதவாடியில் 1958இல் பிறந்து, கோவையில் பொறியியல் படித்து, 1982இல் இஸ்ரோவில் சேர்ந்த அவருடைய துறை செயற்கைக்கோள்.

ராக்கெட் என்பது வண்டி. விண்கலம் அதன் சுமை. தேங்காய் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள்: லோடு இறங்கியதும் லாரியின் வேலை தீர்ந்தது. 2008 அக்டோபர் 22 அன்று சந்திரயான்-1 என்ற நிலவுக் கலத்தை ஏற்றிச் சென்ற பி.எஸ்.எல்.வி. ராக்கெட், அதை இறக்கிவிட்டு 20 நிமிடத்துக்குள் ஒதுங்கிக்கொண்டது. நேரே நிலவுக்கு எறியும் வலு அதற்கு இல்லை. பாதையைப் படிப்படியாக உயர்த்தி நிலவை எட்டியது சந்திரயான்-1இன் சொந்த எஞ்சின். (தேங்காய்க்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது!) அந்தக் கலத்தின் திட்ட இயக்குநர்தான் இவர்.

அது நிலவில் தண்ணீர் கண்டது என்றால் குளம் குட்டை அல்ல; மண்ணில் ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறுகளின் தடயம்.