தண்ணீர் பில்லை யார் தீர்மானிப்பது?

*கரண்ட் கட்டணம் மாறும்போது ஆணைக்குழு மக்களிடம் கருத்துக் கேட்கிறது. தண்ணீருக்கு ஏன் கேட்பதில்லை? (ஹட்டன்)*

சட்டம் பாதி வழியில் நிற்கிறது, அதனால்தான். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை உருவாக்கிய 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்திலேயே மின்சாரத்தோடு நீரும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு துறைக்கும் தனிச் சட்டம் வந்தால்தான் ஆணைக்குழு விலையில் கை வைக்கலாம். மின்சாரத்துக்கு 2009இல் வந்தது. நீருக்கு வரவில்லை. அதனால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கணக்குப் போடும், அமைச்சு சம்மதிக்கும், வர்த்தமானி வெளியாகும். 2022 செப்டம்பரிலும் 2023 ஆகஸ்டிலும் கட்டணம் ஏறியதும், 2024 ஆகஸ்டில் வீட்டுப் பாவனைக்கு 7 சதவீதம் இறங்கியதும் இப்படித்தான்.

ஆணைக்குழு இருந்தால் விலை குறையும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். 2022 ஆகஸ்டில் கரண்ட் கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏற அனுமதித்ததும் அதே ஆணைக்குழுதான். ஆனால் 2025 ஜனவரியில், கட்டணம் அப்படியே இருக்கட்டும் என்று மின்சார சபை சொன்னபோது, ஆணைக்குழு கணக்கைப் பிரித்துப் பார்த்து 20 சதவீதம் குறைத்தது. தண்ணீர்க் கணக்கை அப்படிப் பிரித்துப் பார்க்க வெளியாள் யாரும் இல்லை என்பதுதான் என் குறை.

*எங்கள் பில் மாநகர சபையுடையது. 1939க்கு முறையிடலாமா? (நுவரெலியா)*

பயனில்லை. அது நீர் வழங்கல் சபையின் இலக்கம். உங்கள் ஊரில் குழாய், கட்டணம், முறைப்பாடு மூன்றும் மாநகர சபையிடம். ஆணையாளருக்கு எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியில் முத்திரை வாங்குங்கள். கட்டணம் எப்படிக் கணிக்கப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழும் கேட்கலாம். தகவல் தருவார்களா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும்.

*மலை ஊற்றிலிருந்து லயத்துக்குப் பைப் வருகிறது. எல்லா வீட்டிலும் ஒரே தொகை வாங்குகிறார்கள். கீழ் லயத்துக்குத் தண்ணீர் போதவில்லை, கணக்கும் காட்டுவதில்லை. (பொகவந்தலாவை)*

ஒரே தொகை என்பது நியாயம் போலத் தெரியும். மேட்டு வீட்டுக்காரர் லீக்ஸ் பாத்திக்கெல்லாம் குழாயைத் திறந்துவிட்டாலும் அதே காசுதான், கீழே இருப்பவர் பீலியடியில் குடத்தோடு காத்துக்கிடந்தாலும் அதே காசுதான். வீட்டுக்கு வீடு மானி பூட்டினால் பாதிச் சண்டை தீரும். அதுவரை லயத்துக்கு லயம் நேரம் பிரித்து வால்வு திறக்கச் சொல்லுங்கள்.

இப்படியான திட்டங்களில் நீர்ச் சங்கமே விலை வைக்கிறது, பாவனையாளர் கூட்டம்தான் அதற்கும் மேலே. ஆகவே கூட்டத்தில் வரவு செலவைக் கேட்பது உங்கள் உரிமை. தலைவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். சங்கம் பதிவானது என்றால் தேசிய சமூக நீர் வழங்கல் திணைக்களத்திடமும் போகலாம்.

கணக்கு கையில் கிடைத்ததும் குளோரின் செலவு இருக்கிறதா, பைப் பார்ப்பவருக்குச் சம்பளம் போகிறதா, சேமிப்பு என்று ஏதாவது ஒதுக்குகிறார்களா என்று பாருங்கள். சேமிப்பு இல்லாத மலிவுக் கட்டணத்தை நான் நம்பமாட்டேன். ஒரு மண்சரிவு பைப்பை அள்ளிக்கொண்டு போனால் மறுபடி தோட்டத் துரையிடம் கைகட்டி நிற்க வேண்டும். பிரதேச சபை உறுப்பினரையும் விடாதீர்கள். தோட்டத்துக்குள் சபைக் காசு செலவழிக்க முடியாது என்ற பழைய சாக்கு, பிரதேச சபைச் சட்டத்தை 2018இல் திருத்தியதோடு போய்விட்டது.

*இரண்டு குடும்பம், ஒரு மானி. பில் எகிறுகிறது. (பண்டாரவளை)*

அலகு கூடக் கூட, ஒவ்வொரு அலகின் விலையும் படிப்படியாக ஏறும். இரண்டு வீட்டுப் பாவனை ஒன்றாகச் சேர்ந்தால் மேல்படி விலைதான் விழும். முடிந்தால் தனி இணைப்பு எடுங்கள்.

*கழிவுநீர்க் குழாயில் இணைந்தால் மாதம் மாதம் காசு. மலசலகூடக் குழியே போதாதா? (கண்டி)*

குழி இலவசமில்லை. பவுசர் வந்து இறைக்கும் நாளில் தெரியும். சரிவு நிலத்தில் உங்கள் குழியிலிருந்து கசிவது கீழ்வீட்டுக் கிணற்றுக்கோ ஊற்றுக்கோதான் போய்ச் சேரும், அந்தச் செலவு உங்கள் பில்லில் வராது. நகரக் கழிவுநீரைக் கன்னொறுவையில் சுத்திகரிக்கிறார்கள். உங்கள் தெருவுக்குக் குழாய் வந்திருந்தால் இணைவதே நல்லது. இணைப்புச் செலவைத் தவணையில் கட்டலாமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.