டிவியில் பார்த்த நீலக் கடல் எங்கே?

கேள்வி: டிவியில் வாராவாரம் வரும் சுற்றுலா நிகழ்ச்சியைப் பத்து வருடமாகப் பார்க்கிறோம். அதில் தனுஷ்கோடிக் கடல் கண்ணாடி மாதிரி இருந்தது, ஓரத்தில் பூநாரைக் கூட்டம் வேறு. ஜூனில் பிள்ளைகளோடு போனால் கண்ணைத் திறக்க முடியாமல் மணல் அடித்தது. காட்டுவதெல்லாம் பொய்யா?
(வாசகி, பரமக்குடி)

பதில்: பொய் இல்லை. எந்த மாதம் எடுத்தது என்று சொல்லாததுதான் குறை. அந்தப் பூநாரையே சாட்சி: கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்புக்கு அவை பெருங்கூட்டமாக வருவது பெரும்பாலும் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான். அப்போது வாடையும் தணிந்திருக்கும், தென்மேற்குக் காற்றும் தொடங்கியிருக்காது.

மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று. மன்னார் வளைகுடாப் பக்கம், மீனவர்கள் ஆண்கடல் என்பார்களே, அது கொந்தளிக்கும். அதே நாளில் தனுஷ்கோடிச் சாலைக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கத்துப் பெண்கடல் குளம்போலக் கிடக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழ். தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயலும் அந்தப் பருவத்தில் வந்ததுதான்.

பள்ளி விடுமுறையால் மே, ஜூனில்தான் முடியும் என்றால் காலை ஒன்பதுக்குள், அந்தச் சாலை முடியும் நிலமுனையான அரிச்சல்முனையைப் பார்த்துத் திரும்பிவிடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்று வலுக்கும். பிள்ளைகள் நீரில் விளையாட உச்சிப்புளி அருகே அரியமான் கடற்கரை நல்லது, அது பெண்கடல் பக்கம். அரிச்சல்முனையில் மட்டும் இறங்கவே விடாதீர்கள். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு கடுமை.

கேள்வி: இப்படி நெடுங்காலம் ஓடிய வெளிநாட்டு நிகழ்ச்சி உண்டா?
(வாசகர், கீழக்கரை)

பதில்: பிரிட்டனில் பி.பி.சி.யின் 'ஹாலிடே' 1969 முதல் 2007 வரை ஓடியது. தொடக்கத்தில் தொகுத்தவர் கிளிஃப் மிச்செல்மோர். ஐ.டி.வி.யின் 'விஷ் யூ வேர் ஹியர்' 1974-இல் வந்த போட்டி.

கேள்வி: பாம்பனில் எடுத்த வீடியோவில் பேச்சைவிடக் காற்று இரைச்சல்தான் அதிகம். படமும் மங்கல். ஏன்?
(வாசகர், திருவாடானை)

பதில்: மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் உப்புப் படலம். உலர்ந்த துணியால் தேய்த்தால் மணலும் சேர்ந்து லென்ஸைக் கீறும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் முதலில் ஒற்றுங்கள், உப்பு கரைந்துவிடும், பிறகு உலர்துணி. ஏசி காரிலிருந்து எடுத்ததும் லென்ஸ் பனித்தால் அது வேறு சங்கதி. கேமராவைப் பையோடு வெளியே வைத்து அரைமணி கழித்துத் திறந்தால் போதும்.

இரைச்சலுக்கு, காலர் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குத்தி உரோம உறை போடுங்கள். வெறும் ஸ்பாஞ்சு இந்தக் காற்றைத் தாங்காது. பேசுபவர் காற்றுக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும். அப்போது கேமரா காற்றுக்கு நேரே பார்க்கும் என்பதால் லென்ஸுக்கு யு.வி. கண்ணாடி மாட்டுங்கள். இரைச்சலைப் பிறகு எடிட்டிங்கில் நீக்கப் பார்த்தால் பேச்சின் கனமும் சேர்ந்து போய்விடும்.

டிரோன் எண்ணம் இருந்தால் முன்அனுமதி இல்லாமல் எடுத்துப் போகவேண்டாம். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கிறது.