கலாக்ஷேத்ரா: நடன வகுப்பும் நாட்டிய நாடக மேடையும் (கேள்வி பதில்)

சென்னை திருவான்மியூர் கலாக்ஷேத்ராவில் இயங்கும் ருக்மிணி தேவி கவின் கலைக் கல்லூரியின் பரதநாட்டியப் பயிற்சி பற்றியும், அங்கே உருவான நாட்டிய நாடகங்கள் பற்றியும் உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு தாய்: என் மகள் அரங்கேற்றம் முடித்தவள். இக்கல்லூரியில் சேர்ந்தால் மீண்டும் தட்டடவு என்னும் முதல் அடிப்படை அசைவிலிருந்து தொடங்க வேண்டுமாமே? கற்ற காலம் வீணாகிவிடாதா?

வீணாகாது, அம்மா. நான்கு ஆண்டு பட்டயப் படிப்பில் சேருகிறவர்கள், முன்பு எவ்வளவு கற்றிருந்தாலும், அரைமண்டியில் (முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி அமர்ந்த நிலையில்) அமர்ந்து ‘தையா தை’ என்னும் சொற்கட்டிலிருந்தே (தாளச் சொற்களிலிருந்தே) தொடங்குகிறார்கள். ஆசிரியர் தட்டுக்கழியால் தாளமிட, ஒரே அடவை (அடிப்படை அசைவை) மூன்று காலங்களிலும், அதாவது மூன்று வேகங்களிலும், செய்யும்போது, வேகம் கூடுகையில் அரைமண்டி உயர்கிறதா, நீட்டிய கை தோளுக்குக் கீழே சரிகிறதா என்பவையெல்லாம் வெளிப்பட்டுவிடும். தனி ஆட்டத்தில் முகபாவம் இக்குறைகளை ஓரளவு மறைத்துவிடலாம். வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு ஆசிரியர்களிடம் பயின்றவர்கள் ஒரே வரிசையில் ஆடும்போது மறைக்க இயலாது. குழுவாக ஆடும் நாட்டிய நாடகமே இக்கல்லூரியின் தனிச்சிறப்பு என்பதால், உடல்களை ஒரே இலக்கணத்துக்குக் கொண்டுவரும் இந்தத் தொடக்கத்தை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

நாடகத் துறை மாணவர், புதுச்சேரி: இந்நாட்டிய நாடகங்களை உண்மையிலேயே நாடகம் என்று சொல்லலாமா? நடனங்களைக் கோத்த தொகுப்பாக மட்டுமே எனக்குத் தோன்றுகின்றன.

நாடகம் என்றே சொல்வேன். 1944-இல் மேடையேறிய ‘குற்றாலக் குறவஞ்சி’யை எடுத்துக்கொள்ளுங்கள். திரிகூடராசப்பக் கவிராயரின் அந்நூலில் வசந்தவல்லியின் காதல், குறத்தி சிங்கி குறி சொல்லுதல், அவள் கணவன் சிங்கன் அவளைத் தேடி வருதல் எனப் பாத்திரங்களும் நிகழ்ச்சிகளும் முன்பே இருக்கின்றன. வசந்தவல்லியின் நடையும் சிங்கியின் நடையும் ஒன்றாக இருக்க முடியாது என்பதிலேயே நாடகம் தொடங்கிவிடுகிறது. பின்னர் 1955 முதல் 1970 வரை ஆறு பகுதிகளாக உருவான இராமாயணத் தொடரில் இந்த அணுகுமுறை முழுமை பெற்றது. அதற்கு இசையமைக்கத் தொடங்கிய மைசூர் வாசுதேவாச்சாரியார் 1961-இல் மறைந்தபின், அவருடைய பேரர் எஸ். ராஜாராம் அப்பணியைத் தொடர்ந்தார். நடிகர் வாய் திறந்து பேசுவதில்லை. பாத்திரத்தின் சொல்லைப் பக்கத்தில் அமர்ந்த பாடகர் பாட, அதன் பொருளை உடல் ஏற்கிறது. வசனத்தை நம்பியே பழகிய நாடக மாணவர்கள், சொல்லைத் தம் குரலிலிருந்து பிரித்துவிட்டால் உடலில் என்ன மிஞ்சுகிறது என்பதை இங்கே கூர்ந்து கற்கலாம்.

கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஆண்களுக்கு அங்கே இடமுண்டா?

உண்டு, தம்பி. 1953-இல் கேரளத்திலிருந்து சிறுவனாக வந்து சேர்ந்த வி. பி. தனஞ்செயன் பரதத்துடன் சந்து பணிக்கரிடம் கதகளியும் பயின்றார். ஆண்பாத்திரங்களுக்குரிய வீறும் கட்டுறுதியும் இந்நாடகங்களில் அமைந்ததற்குக் கதகளிப் பயிற்சியே பெருங்காரணம்.

ஆய்வு மாணவி, மதுரை: பரம்பரைக் கலைஞர்களிடமிருந்து கலையைப் பெற்றுக்கொண்டு, அதன் சிருங்காரத்தை (காதல் சுவையை) இந்நிறுவனம் ஒதுக்கியது என்ற விமர்சனத்தை எப்படிப் பார்க்கிறீர்கள்?

அவ்விமர்சனத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ருக்மிணி தேவி, நட்டுவனார் (பரம்பரை நடன ஆசான்) பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்று, 1935-இல் அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில் ஆடி, மறு ஆண்டே இந்நிறுவனத்தைத் தொடங்கினார். தொடக்கக் கால நடன ஆசான்களும் அப்பரம்பரையினரே. ஆகவே இன்று ‘கலாக்ஷேத்ரா பாணி’ எனப்படுவதன் அடித்தளம் நட்டுவனார்கள் கொடுத்தது. ருக்மிணி தேவி பக்தியை முன்னிறுத்தி, தமக்கு உவப்பில்லாத சிருங்காரப் பாடல்களை விலக்கினார். சிருங்காரமே இக்கலையின் உயிர் என்று பரம்பரை நடனக் கலைஞர் தஞ்சாவூர் பாலசரஸ்வதி கடைசிவரை வாதிட்டார். ஒழுங்கான பாடத்திட்டமும் குழு மேடையும் இக்கல்லூரி தந்த பேறு என்றே நம்புகிறேன். ஆனால் அபிநயத்தை (முகத்தாலும் கையாலும் பொருளை உணர்த்துவதை) பொறுத்தவரை பாலசரஸ்வதியின் பக்கமே நியாயம் மிகுதி என்பது என் முடிவு. பதங்களை (அபிநயத்துக்குரிய காதல் பாடல்களை) விரும்பும் மாணவிகள் அந்த மரபையும் தேடிக் கற்க வேண்டும்.

சேலத்திலிருந்து ஒரு மாணவி: பாட்டு வராது. நடனம் மட்டும் கற்கலாமா?

நடனத்துடன் கர்நாடக இசையும் பாடமாக உண்டு. மேடைப் பாடகியாக வேண்டியதில்லை. சுருதியும் தாளமும் பிடிபட்டால்தான் பின்னாளில் நட்டுவாங்கம் (தாளமிட்டுச் சொற்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்துதல்) செய்ய முடியும் என்பதால் இதைத் தவிர்க்க நினைக்காதீர்கள்.

சென்னையிலிருந்து ஒரு ரசிகர்: முதன்முறையாக ஒரு நாட்டிய நாடகம் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

கேரளக் கோயில்களின் நாடக அரங்குகளான கூத்தம்பலங்களின் பாணியில் கலாக்ஷேத்ராவில் எழுப்பப்பட்ட அரங்கில் பார்க்க வாய்த்தால் விடாதீர்கள், ஐயா. கதையை முன்பே படித்துவிட்டுச் செல்லுங்கள்; அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வி தீர்ந்துவிட்டால் எப்படி நடக்கிறது என்பதில் கண் நிலைக்கும். முதன்மைப் பாத்திரங்களையே பார்த்துக்கொண்டிராமல், தோழியரும் வீரர்களும் மேடைக்குள் நுழையும் விதத்தையும், தமக்கு ஆட்டமில்லாத நேரத்தில் எப்படி நிற்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பெரும்பாலும் மாணவர்கள் ஏற்கும் அச்சிறு பாத்திரங்களின் நிலையில்தான் வகுப்பறைப் பயிற்சியின் தரம் உடனே தெரியும்.