நினைவு மலரில் எனக்கு ஒரே ஒரு பக்கம்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு 47 வயதாகிறது. பள்ளியில் எனக்குக் கணிதம் கற்பித்த ஆசிரியை எட்டு மாதங்களுக்கு முன்பு காலமானார். ஆசிரியை என்று எழுதுகிறேனே தவிர, அந்தச் சொல் எங்கள் உறவில் பாதியைக்கூடச் சொல்லாது. 14 வயதில் அவருடைய வகுப்பில் போய் உட்கார்ந்தேன். பள்ளியை முடித்த பிறகும் அவர் வீட்டுக்குப் போவதை நிறுத்தவில்லை. வேலை கிடைத்ததையும் திருமணம் நிச்சயமானதையும் மட்டுமல்லாமல், பெற்ற தாயிடம் சொல்லக் கூசியவற்றையும் அவரிடம் சொல்லியிருக்கிறேன். "டீச்சர்" என்று அழைப்பதை மட்டும் கடைசிவரை என்னால் மாற்றிக்கொள்ள முடியவில்லை. மற்றபடி அது நட்புதான், வேறு எவரோடும் எனக்கு வாய்க்காத நட்பு.

விடை சரியாகவே இருந்தாலும் வழிமுறையில் ஒரு படியைத் தாண்டிப் போயிருந்தால், அந்த இடத்தை வட்டமிட்டு "இங்கே ஒரு படி குறைகிறது" என்று பச்சை மையில் எழுதுவார். திட்டமாட்டார், மதிப்பெண்ணையும் குறைக்கமாட்டார். விடுபட்ட படியை எழுதிக் கொண்டுவரும்வரை நோட்டில் கையெழுத்திடமாட்டார், அவ்வளவுதான். பிற்காலத்தில் என் வீட்டுச் சண்டைகளைச் சொல்லும்போதும் அதே வாக்கியத்தைச் சொல்லிச் சிரிப்பார்.

இப்படிப்பட்டவர் இறந்த செய்தி எனக்கு மறுநாள்தான் கிடைத்தது, அதுவும் பழைய மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. அவருடைய மகனைத் தொலைபேசியில் அழைத்து எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்கள் அம்மாவிடம் படித்தவர்தானே, படித்த எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்ல முடியுமா?" என்றார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு நான் "படித்தவர்தானே".

பின்னர் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. எனக்குப் பத்து ஆண்டுகள் முன்னால் டீச்சரிடம் படித்தவர் ஒருவர் இருக்கிறார். நாங்கள் எல்லாரும் அக்கா என்று அழைப்போம். கூட்டத்தை நடத்தியவர் அவர்தான். அவர் முக்கால் மணி நேரம் பேசினார், எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார். டீச்சர் தனக்குத் தாயைப் போன்றவர் என்றார், அவருடைய கடைசி நாட்களைப் பற்றி எல்லாரும் கண்கலங்கும்படி பேசினார். இப்போது நினைவு மலரையும் அவர்தான் தொகுக்கிறார். டீச்சரின் வகுப்பில் நான் அமர்ந்த முதல் நாளிலிருந்து அவர் நோய்வாய்ப்பட்டதுவரை 12 பக்கம் எழுதி அனுப்பினேன். திருத்திய பிரதி வந்தபோது ஒரே ஒரு பக்கம் இருந்தது. நானும் டீச்சரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படத்தையும் காணவில்லை. அவருடைய புதிர்க் கணக்கு நோட்டும் அக்காவிடமே போய்ச் சேர்ந்திருக்கிறது. அதில் பாதிக் கணக்குகள் நானும் டீச்சரும் உட்கார்ந்து போட்டவை.

கடைசி நாட்களில் அக்கா அவர் பக்கத்தில் இருந்தார் என்பதை நான் மறுக்கவில்லை. (டீச்சருக்கு மூன்று ஆண்டுகளாக அல்சைமர் நோய் இருந்தது. அலுவலகத்தில் பொறுப்புகள் கூடிவிட்டதால் கடைசி 11 மாதங்கள் என்னால் போக இயலவில்லை. அதற்கு முன்பு போன சில முறைகளிலும் அவர் என்னை அக்காவின் பெயர் சொல்லித்தான் அழைத்துக்கொண்டிருந்தார், ஆகவே நான் வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு வேறுபாடு தெரிந்திருக்காது.) அதற்காகக் கடைசி ஓராண்டை மட்டும் வைத்து ஓர் உறவை எடைபோட முடியுமா? 33 ஆண்டுகளுக்கு ஒரே ஒரு பக்கம் என்பது நியாயமா?

இன்னும் நினைத்தால் அழுகை வருகிறது. வேலைக்குப் போகிறேன், வீட்டைக் கவனிக்கிறேன், தூக்கமும் ஓரளவு வருகிறது. ஆனால் சொந்தத் தாய்க்குக்கூட இப்படி அழமாட்டார்கள் என்று கணவர் அலுத்துக்கொள்கிறார். துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு, நீ கோபம் என்ற கட்டத்தில் நிற்கிறாய் என்கிறாள் தோழி. எட்டு மாதங்கள் கழித்தும் அழுவது ஒரு நோயா? அந்த ஒரே ஒரு பக்கம் வேண்டாம் என்று கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடலாமா? நோட்டைக் கேட்டு அவர் குடும்பத்துக்குக் கடிதம் எழுதலாமா? என்னை அவர்கள் யாரென்றே நினைக்காததுதான் தாங்க முடியவில்லை.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் "ஒரே ஒரு பக்கம்" மூன்று முறை வருகிறது. "11 மாதங்கள்" ஒரே முறை வருகிறது, அதுவும் அடைப்புக்குறிக்குள். டீச்சர் கையில் இந்தக் கடிதம் கிடைத்திருந்தால் பச்சை மை எந்த இடத்தில் விழுந்திருக்கும் என்பது உங்களுக்கே தெரியும் என்று நினைக்கிறேன்.

ஆகவே மலரையும் நோட்டையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு அந்த அடைப்புக்குறிக்குள் போகிறேன். அங்கே நீங்கள் சொல்லாமல் சொல்வது இதுதான்: உங்களை உங்களுக்கே அடையாளம் காட்டிய ஒருவர், ஒரு நாள் உங்கள் முகத்தைப் பார்த்து வேறொருத்தியின் பெயரைச் சொன்னார். அது உங்களைக் குத்தியது. குத்தியது என்று சொல்ல வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அவர் நோயாளி, நீங்கள் வயது வந்தவர், நோயாளியிடம் கோபித்துக்கொள்வது சிறுபிள்ளைத்தனம். அந்த நேரத்தில் அலுவலகப் பொறுப்பு கைகொடுத்தது. பொறுப்பு கூடியது பொய் என்று நான் சொல்லவில்லை. 11 மாதங்களில் ஒரு பிற்பகலைக்கூட விட்டுவைக்காத அளவுக்கு அது கூடியது என்பதைத்தான் நம்பத் தயங்குகிறேன்.

அந்தப் பெயரைப் பற்றி முதலில் பேசுவோம். நினைவு சிதையும்போது புதியவை முதலில் உதிர்ந்து பழையவை பிந்தி உதிர்கின்றன என்று பிரெஞ்சு உளவியலாளர் தியோதுல் ரிபோ 1881-இலேயே எழுதினார். அல்சைமர் நோயிலும் பெரும்பாலும் இதே போக்கைக் காண்கிறோம். அக்கா உங்களைவிடப் பத்து ஆண்டுகள் முந்தியவர். அவருடைய பெயர் டீச்சரின் நாவில் உங்கள் பெயரைவிடப் பத்து ஆண்டுகள் கூடுதலாகப் பழகியது. பெயர் தங்கியதற்கு அந்த மூப்பே காரணமாக இருந்திருக்கலாம். அன்பின் வரிசையை அதில் படிக்க முடியாது. இன்னொன்றும் உண்டு. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நோயற்றவர்கள் பெயரை மாற்றி அழைக்கும் வழக்கத்தை ஆராய்ந்தது. பெயர் தடுமாறும்போது பெரும்பாலும் ஒரே உறவு வட்டத்துக்குள்தான் தடுமாறுகிறது, ஒரு மகளை இன்னொரு மகளின் பெயரால் அழைப்பார்கள், ஒரு நண்பரை இன்னொரு நண்பரின் பெயரால் அழைப்பார்கள் என்று அது கண்டது. டீச்சரை நான் பார்த்ததில்லை, அவர் மனத்தில் என்ன இருந்தது என்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் அவர் உங்களை ஒரு செவிலியின் பெயரிலோ பக்கத்து வீட்டுக்காரியின் பெயரிலோ அழைக்கவில்லை. முகத்துக்கு உரிய பெயர் கைக்கு எட்டாதபோது, தனக்கு நெருக்கமானவர்கள் இருந்த அறைக்குள் போய் முதலில் அகப்பட்ட பெயரை எடுத்துவந்திருக்கிறார். நீங்கள் அந்த அறைக்குள்தான் இருந்தீர்கள்.

இது ஆறுதல். அடுத்துச் சொல்லப்போவது அவ்வளவு ஆறுதலாக இருக்காது.

வந்தாலும் வராவிட்டாலும் அவருக்கு வேறுபாடு தெரிந்திருக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தைப் பற்றிக்கொண்டுதான் இந்த எட்டு மாதங்களைக் கடந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அது சரியல்ல. அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்கு மகிழ்ச்சியான படத் துண்டுகளையும் சோகமான படத் துண்டுகளையும் காட்டி ஓர் ஆய்வு செய்தார்கள். 2014-இல் அது வெளிவந்தது. பார்த்தது என்ன என்பதை அவர்கள் சீக்கிரமே மறந்துவிட்டார்கள், ஆனால் அது எழுப்பிய உணர்வு மறதிக்குப் பிறகும் தங்கியிருந்தது. சிறிய ஆய்வுதான், அது அளந்ததும் நிமிடங்களைத்தான், மாதங்களை அல்ல. இருந்தாலும் இத்தகைய நோயாளிகளோடு பழகியவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. யார் வந்தார் என்று சொல்லத் தெரியாவிட்டாலும், யாரோ வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பொழுது வேறு, எவரும் வராத பொழுது வேறு. நீங்கள் போன நாட்கள் வீணாகவில்லை, அவை டீச்சருக்குள் எதையோ செய்தன. அதை ஒப்புக்கொண்டால், போகாத நாட்களும் எதையோ செய்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைத் தள்ளிவிட முடியாது.

இதை உங்களைக் குற்றவாளியாக்கச் சொல்லவில்லை. ஆள் எதிரே இருந்தும் அவர் இல்லாமற்போகும் நிலையைத் தெளிவற்ற இழப்பு என்கிறார் அமெரிக்கக் குடும்ப ஆய்வாளர் பாலின் பாஸ். இறப்பு என்று ஒன்று நேர்ந்தால் அழலாம், ஆறுதல் சொல்லப் பத்துப் பேர் வருவார்கள். உயிரோடிருப்பவரை இழந்துகொண்டிருப்பவருக்கு யார் வந்து ஆறுதல் சொல்வது? டீச்சரின் துக்கம் உங்களுக்கு எட்டு மாதங்களுக்கு முன்பு தொடங்கியதல்ல, உங்கள் பெயர் அவர் வாயிலிருந்து மறைந்த நாளில் தொடங்கியது. தனியாக அதைத் தாங்க முடியாமல் விலகிப் போனீர்கள். பலரும் அப்படித்தான் போகிறார்கள். இது மன்னிக்கக்கூடிய பலவீனம். ஆனால் பலவீனம் என்று பெயரிடாதவரை அது வேறு உருவங்களில் வந்துகொண்டே இருக்கும். முக்கால் மணி நேரப் பேச்சாக, காணாமற்போன படமாக, ஒரே ஒரு பக்கமாக.

அக்கா மீதான உங்கள் கோபத்தை இந்த இடத்திலிருந்து பாருங்கள். உங்கள் இடத்தை அவர் பறித்துக்கொண்டதாக எழுதுகிறீர்கள். நீங்கள் எழுந்து போன நாற்காலியில் அவர் உட்கார்ந்தார் என்பதே எனக்குப் புரிகிறது. மகனுடைய சொல் கடுமையானதுதான். அப்படிப் பேசியிருக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஏறத்தாழ ஓராண்டாக வீட்டுப் பக்கம் வராத ஒருவரை, தாய் இறந்த அன்று அவர் எப்படி நினைவில் கொண்டுவருவார்? இடையில் தொலைபேசியிலாவது விசாரித்தீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. விசாரித்திருந்தால் நிச்சயம் எழுதியிருப்பீர்கள்.

நீங்கள் கேட்டவற்றுக்கும் விடை சொல்லிவிடுகிறேன். எட்டு மாதங்கள் கழித்து அழுவது நோயல்ல. நீடித்த துக்கம் என்பதைத் தனிக் கோளாறாக வகைப்படுத்தும்போது உலக சுகாதார நிறுவனம் குறைந்தது 6 மாதங்கள் என்றும், அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதங்கள் என்றும் கணக்கு வைத்திருப்பது உண்மைதான். ஆனால் நாட்காட்டி மட்டும் போதாது, அன்றாட வாழ்க்கையே நடத்த முடியாதபடி துக்கம் முடக்கியிருக்க வேண்டும். நீங்கள் வேலைக்குப் போகிறீர்கள், உறங்குகிறீர்கள். இந்த நிலை மாறினால் மருத்துவரைப் பாருங்கள். தோழி சொன்ன ஐந்து கட்டங்கள், எலிசபெத் குப்ளர் ராஸ் 1969-இல் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசி எழுதியவை. பின்னர்தான் அவற்றை இழந்தவர்கள் மேல் ஏற்றினார்கள். பேருந்து நிறுத்தங்களைப் போல அவற்றில் இறங்கி ஏற வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை.

கட்டுரையைத் திரும்பப் பெறாதீர்கள். பலர் எழுதும் மலரில் ஒருவருக்கு 12 பக்கம் கிடைக்காது. அதைவிட எனக்குப் பட்டது, உங்கள் கட்டுரை டீச்சர் நோய்வாய்ப்பட்ட இடத்தில் நின்றுவிடுகிறது என்பது. 12 பக்கத்திலும் அந்த மூன்று ஆண்டுகள் இல்லை. உங்கள் பெயர் தெரியாத டீச்சர் இல்லை. அவரை விட்டுவிட்டு நினைவுகூர்வது, சுலபமான பகுதியை மட்டும் போட்டுக் காட்டுவதைப் போன்றது. அந்தப் பகுதியை அச்சில் கொண்டுவர வேண்டியதில்லை, எவருக்கும் காட்டவும் வேண்டியதில்லை. ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், கடைசியாகப் போன நாளில் என்ன நடந்தது, திரும்பி வரும் வழியில் என்ன நினைத்தீர்கள் என்பது உட்பட.

பிறகு அக்காவைப் போய்ப் பாருங்கள். நோட்டைக் கேட்கப் போகாதீர்கள். அதைப் பின்னொரு நாள் கேட்கலாம், பார்க்கவாவது கொடுப்பார். உங்களிடம் இல்லாத 11 மாதங்கள் அவரிடம் இருக்கின்றன, அவற்றைக் கேட்கப் போங்கள். டீச்சர் காலையில் எப்படி இருந்தார், எண்களையாவது அடையாளம் கண்டாரா, எதற்குச் சிரித்தார், எதற்குப் பயந்தார் என்று கேளுங்கள். நீங்கள் ஏன் வரவில்லை என்பதையும் அலுவலகத்தைத் துணைக்கு அழைக்காமல் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்கு அவருக்கு உரிமை உண்டு.

இன்னொன்றும் கேளுங்கள்: அக்காவை டீச்சர் என்ன பெயர் சொல்லி அழைத்தார் என்று. அது உங்கள் பெயராக இருக்கும் என்று சொல்லி உங்களைத் தேற்றப் போவதில்லை. யாருடைய பெயராகவும் இருந்திருக்கலாம். கடைசியில் பெயரே இல்லாமலும் போயிருக்கலாம். எதுவாக இருந்தாலும், அதைக் கேட்டுக்கொண்டு மறுநாளும் அந்த வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போனார் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்