மிலாறு நெருப்பைச் சுற்றி

அன்புள்ள ஐயா,

ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் சித்திரம் கற்பிக்கிறேன். அண்மையில் கண்டியில் ‘மண்டாலா’ செயலமர்வு ஒன்றுக்குப் போனேன். திபெத்திய மணல் மண்டாலா, ஸ்ரீசக்கரம், பிரான்சில் ஒரு தேவாலயத் தரையில் உள்ள சுருள்பாதை, அனுராதபுரத்தில் படிக்கட்டின் அடியில் பதித்த சந்திரவட்டக்கல் எல்லாவற்றையும் படமாகக் காட்டினார்கள். யுங் என்ற உளவியலாளரும் மண்டாலா வரைந்தாராம். வரைந்தால் நல்ல சக்தி பிறக்கும் என்றார்கள். எல்லாப் பண்பாடுகளிலும் புனித வட்டம் இருப்பதற்கு மூலம் ஒன்றுதானா? மலையகத்தில் மட்டும் நமக்கு அப்படி ஒன்றும் இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் சண்டை. அதென்ன ‘மண்டாலா’? வைத்தியர் ஒரு மண்டலம் மருந்து சாப்பிடச் சொன்னால் உங்கள் பாட்டிக்குப் புரியும். வடமொழியிலிருந்து வந்து நம் வீட்டிலேயே குடியிருக்கும் சொல்லை, வெளிநாட்டு வண்ணப் புத்தகத்தின் அட்டையில் பார்த்த பிறகுதான் மதிப்பீர்களா? சோழர்கள் இந்தத் தீவைப் பிடித்தபோது வைத்த பெயரே மும்முடிச் சோழ மண்டலம். யாருடைய அதிகாரம் எதுவரை என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

மூலம் ஒன்றா என்று கேட்கிறீர்கள். ஒரு முளைக்குச்சியும் ஒரு கயிறும் இருந்தால் எந்த ஊரிலும் வட்டம் போடலாம்; சூரியனும் முழுநிலவும் எல்லோர் தலைக்கு மேலும் வட்டம்தான். சக்தி பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. யுங் 1918-19இல் ஒரு தடுப்பு முகாமின் பொறுப்பதிகாரியாக இருந்தார். அப்போது தினமும் காலையில் குறிப்பேட்டில் ஒரு சிறு வட்டம் வரைந்தார். உள்ளே இருந்த சிப்பாய்கள் காலையில் என்ன வரைந்தார்கள் என்று செயலமர்வில் யாராவது கேட்டார்களா?

கேட்டிருக்கமாட்டார்கள். வட்டத்தைப் படமாகக் காட்டினால் அந்தக் கேள்வி வராது. திபெத்திய மண்டலத்துக்குள் நான்கு வாசல் வைத்த சதுர மாளிகை ஒன்று இருக்கிறது. தியானம் செய்பவர் அதற்குள் மனத்தால் நுழையவேண்டும். மணலில் செய்ததைச் சடங்கு முடிந்ததும் கலைத்து ஓடும் நீரில் விடுகிறார்கள். அமெரிக்கப் பழங்குடிகளான நவாஹோ மக்கள் மணல் ஓவியத்தின் மேல் நோயாளியையே உட்காரவைத்து, பிறகு அழித்துவிடுகிறார்கள். உங்களுக்குக் காட்டிய சுருள்பாதை ஷார்த்ர் தேவாலயத்தினுடையதாகத்தான் இருக்கும். 13ஆம் நூற்றாண்டில் பதித்தது, ஏறக்குறைய 13 மீட்டர் அகலம். காலால் நடந்து பார்க்கிற தரை அது. எல்லாமே உடம்பால் செய்கிற காரியங்கள். ஆகவே யாரை உள்ளே விடுகிறார்கள், யாரை வெளியே நிறுத்துகிறார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும். அனுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லில் யானை, குதிரை, சிங்கத்தோடு நடந்த எருது, அதற்குப் பிந்திய பொலன்னறுவைக் கற்களில் காணாமல் போய்விட்டது. எருதைச் சிவனின் வாகனமாக வணங்குகிறவர்கள் இருந்ததால் காலால் மிதிபடக் கூடாதென்று எடுத்துவிட்டார்கள் என்பார்கள். கல்லிலேயே ஆட்குறைப்பு நடந்திருக்கிறது.

இப்போது ‘நமக்கு ஒன்றும் இல்லை’ என்ற உங்கள் வருத்தத்துக்கு வருகிறேன். அதைப் படித்தபோது உங்களைக் கூப்பிட்டு உச்சந்தலையில் ஒரு குட்டு வைக்கத் தோன்றியது. என் தாத்தா தப்பு என்ற தோல் பறையை அடிப்பவர். விடியுமுன் அவர் தப்படித்தால் லயத்து வரிசை வீடுகளில் விளக்கு எரியும். சனம் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் வரிசையாகப் போய் நிற்கும். தோட்டத்தில் எல்லாமே கோடுதான். லயம் என்ற சொல்லே ‘லைன்’ என்பதிலிருந்து வந்தது. தேயிலை நிரை ஒரு கோடு, கொழுந்து நிறுக்கக் காத்து நிற்பது இன்னொரு கோடு.

மாசியில் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டு, காமன் ஊன்றினால் மட்டும் அந்தக் கோடு வளையும். கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிகளான மிலாற்றைக் கொளுத்தி, தாத்தா தப்பைத் தணலில் காட்டுவார். பனியில் நமத்துப் போன தோல் விறைத்துக்கொண்டு வரும். விரலால் சுண்டிப் பார்ப்பார். போதாதென்றால் இன்னும் கொஞ்சம் காட்டுவார். பிறகு ரதியும் மன்மதனும் ஆட, போர்வையும் கம்பளியுமாகச் சுற்றி நின்ற சனம் ஆட்டக்காரர்களுக்கு இடம் விட்டு விட்டு, தானாகவே வட்டமாகிவிடும். காலையில் வரிசைக்கு அழைத்த அதே தப்பு அது. அடி வேறு, அவ்வளவுதான். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு நடுவிலேயே நின்றிருக்கிறேன்.

ஆட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தார்கள். மற்றவர்கள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் ஏறி உட்கார்ந்து கோப்பையில் குடித்தார்கள். தாத்தாவுக்கு முற்றத்தில், சிரட்டையில். வட்டம் முழுக்க அவர் கையால் எழுந்தது. அது கலைந்த மறுநிமிடம் அவர் வெளியே. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சூடாக இருக்கிறது, ஊதிக் குடி என்று என்னிடம் நீட்டினார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிள்ளைகளுக்கு வட்டம் வரையக் கற்றுக்கொடுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அச்சடித்த தாள் வாங்காதீர்கள். மைதானத்தில் முளையடித்துக் கயிறு கட்டிப் போடச் சொல்லுங்கள். அடுத்த மாசியில் உங்கள் பக்கத்துத் தோட்டத்தில் காமன் ஊன்றினால் போய்ப் பார்த்து எழுதுங்கள். தப்பு இப்போது யார் வீட்டில் இருக்கிறது, அவருக்குத் தேநீரை எங்கே வைத்துக் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்து.