தமிழ்ப் புத்தகத்துக்கும் இணையதளத்துக்கும் ஒரே இலவச செரிஃப் எழுத்துரு போதுமா?

போதும். ஆனால் போல்டு, அதாவது தடித்த எழுத்து, இல்லாமல் காலம் தள்ளப் பழக வேண்டும்.

நான் பயன்படுத்துவது டைரோ தமிழ். கனடாவில் இருக்கும் டைரோ டைப்வொர்க்ஸ் உருவாக்கியது, கூகுள் ஃபாண்ட்ஸில் காசில்லாமல் கிடைக்கிறது. பெரியப்பா எழுதிய ஊர்க் கட்டுரைகளை டெம்மி அளவில் 176 பக்கப் புத்தகமாகப் போட்டோம், 16 பக்கம் ஒரு ஃபாரம் என்று 11 ஃபாரம். அதே கட்டுரைகளுக்கு ஒரு வேர்ட்பிரஸ் தளமும் உண்டு. இரண்டிலும் இந்த எழுத்துருதான்.

தமிழில் செரிஃப் என்பதே கொஞ்சம் இரவல் பெயர்தான். ஆங்கில எழுத்தின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் குட்டிப் பாதமெல்லாம் நம் எழுத்துக்குக் கிடையாது. கோடு ஓரிடத்தில் தடித்து இன்னோரிடத்தில் மெலிந்தால் அதைச் செரிஃப் என்கிறோம். பழைய அச்சுப் புத்தகம் படித்துப் பழகிய கண்ணுக்கு அந்த ஏற்ற இறக்கம் இதமாக இருக்கும். எல்லாச் சிக்கலும் வருவதும் அதே இடத்திலிருந்துதான்.

முதலில் உரிமம். இது ஓப்பன் ஃபாண்ட் லைசன்ஸில் வருகிறது. புத்தகத்தை விற்கலாம், பிடிஎஃபிலும் மின்னூலிலும் எழுத்துருவைப் பொதிக்கலாம், தளத்தில் ஏற்றலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. புத்தகத்தில் அதன் பெயரைப் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஆனாலும் நான் போட்டேன்.

இப்போது போல்டு. டைரோ தமிழில் சாதாரண எழுத்தும் சாய்வெழுத்தும் மட்டும்தான் உண்டு. பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் போல்டுக்கான குறுக்குவிசையை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. டிடிபி செய்தவர் பழக்கதோஷத்தில் தலைப்புகளுக்கெல்லாம் கால் பாயின்ட் ஸ்ட்ரோக் (எழுத்தைச் சுற்றி வரும் கோடு) கொடுத்துவிட்டார். திரையில் ஜம்மென்றுதான் இருந்தது. மேப்லித்தோ என்ற அச்சுத் தாளில் ப்ரூஃப் வந்தபோதுதான் தெரிந்தது: ‘திண்ணை’ என்ற தலைப்பில் ணகரத்தின் சுழிகள் மையால் அடைத்துப்போய், மூன்று சுழியா இரண்டு சுழியா என்று எண்ண முடியவில்லை. பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, “என்னப்பா இது, எறும்பு செத்துக் கிடக்கிற மாதிரி?” என்றார். ஸ்ட்ரோக்கை முழுக்க எடுத்துவிட்டு, தலைப்பை 14 பாயின்ட்டிலிருந்து 20 ஆக்கி, மேலே நிறைய இடம் விட்டோம். சரியாகிவிட்டது. உடல் எழுத்து 11 பாயின்ட், வரி இடைவெளி 16. ஆங்கிலத்துக்கு வைக்கும் இடைவெளியை அப்படியே வைத்தால் மேல்வரியில் கீழே இறங்கும் கொக்கியும் கீழ்வரியில் மேலே ஏறும் விசிறியும் முட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. இன்டிசைனில் பாராகிராஃப் பேனல் மெனுவில், தமிழ் எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தீர்களா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பு க-வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கும். எழுத்துருவில்தான் கோளாறு என்று பலர் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய பாமினி எழுத்துருவுக்கே திரும்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன். பாவம், அதன்மேல் பழி.

தளத்திலும் அதே திண்ணை கதைதான், காரணம்தான் வேறு. இன்டிசைன் பேசாமல் இருந்துவிடும், பிரவுசர் அப்படி இருக்காது. போல்டு இல்லையென்றால் இருக்கிற எழுத்தையே தடிக்க வைத்துப் போலி போல்டு செய்துகொள்ளும். தளத்தின் தோற்றத்துக்கான தீம் எல்லாத் தலைப்புக்கும் போல்டு வைத்திருந்ததால் கைபேசியில் மறுபடி எறும்பு. தளத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் தலைப்புகளின் ஃபாண்ட்-வெயிட்டைச் சாதாரணத் தடிமனான 400 ஆக்கினேன், போலி போல்டு வராமலிருக்க ஃபாண்ட்-சிந்தசிஸை ‘நன்’ (none) என்று வைத்தேன். கட்டுரைக்குள் அழுத்திச் சொல்ல வேண்டிய சொற்களுக்குக் கருஞ்சிவப்பு நிறம் கொடுத்தேன். சாய்வெழுத்து தமிழில் எனக்கு இன்னும் ஒட்டவில்லை.

மெலிந்த கோடுகள் விலை குறைந்த கைபேசித் திரையில் வெளுத்துத் தெரியும். அதனால் உடல் எழுத்தை 16 பிக்சலிலிருந்து 20 ஆக்கினேன், வரி உயரம் 1.75. இடப்பக்கம் மட்டும் சீராக இருந்தால் போதும். தமிழ்ச் சொற்களின் நீளத்துக்குக் கைபேசியில் இரு பக்கமும் சமப்படுத்தினால் சொற்களுக்கு நடுவே வெற்றிடம் ஆறாக ஓடும்.

எழுத்துருக் கோப்பை, இணையத்துக்கென்றே சுருக்கிய வோஃப்2 வடிவில், உங்கள் சர்வரிலேயே வைத்துவிடுங்கள். 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒன்று, கூகுள் சர்வரிலிருந்து எழுத்துருவை இழுத்ததால் வாசகரின் ஐபி முகவரி அவர் சம்மதமில்லாமல் கூகுளுக்குப் போனது என்று, ஒரு தளத்துக்காரரை 100 யூரோ கொடுக்கச் சொன்னது. ஜெர்மனியில் நமக்கும் வாசகர்கள் இருக்கிறார்களே.

பாடநூல், சமையல் குறிப்பு போல உள்தலைப்புகள் அடுக்கடுக்காக வரும் வேலை என்றால் டைரோவோடு மல்லுக்கட்ட வேண்டாம், நோட்டோ செரிஃப் தமிழை எடுங்கள். அதே உரிமம்தான், மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை 9 தடிமன்கள் உண்டு. ப்ரூஃப் கெட்டுப்போன அன்று அதிலும் ஒரு பக்கம் அடித்துப் பெரியப்பாவிடம் காட்டினேன். “நல்லாத்தான் இருக்கு, பரீட்சை வைக்கப்போறியா?” என்று கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.