பெற்றோரை நைல் நதிக் கப்பல் பயணத்துக்குக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: நான் மட்டக்களப்பு. அறுபது தாண்டிய அப்பா, அம்மாவை எகிப்தில் நைல் நதிக் கப்பலில் கூட்டிப் போக ஆசை. செலவழிக்கும் காசுக்குத் தகுமா? கோயில் கோயிலாக ஏறி இறங்குவது மட்டும்தான் பயணமா?

பதில்:

கட்டாயம் கூட்டிப் போங்கள். நான் களுவாஞ்சிகுடி. என் அப்பா மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் நவகிரிக் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்கிறவர். அவரையும் அம்மாவையும் லக்சரில் கப்பலேற்றி அஸ்வான் வரை கூட்டிப் போய் வந்தவன் என்பதால் சொல்கிறேன். அந்தப் பயணத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஆறுதான். பயண முகவர் தரும் தாளில் கர்னாக், எட்ஃபு, கோம் ஒம்போ என்று கோயில்களின் பெயர் மட்டும் இருக்கும். கப்பல் ஓடுகிற நேரங்களை 'ஓய்வு' என்று போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அறைக்குள் படுக்காமல் மேல்தட்டில் நிழலாக ஓர் இடம் பிடித்து உட்காருங்கள்.

லக்சருக்கும் அஸ்வானுக்கும் இடையில் 200 கிலோமீற்றருக்குச் சற்று மேல்தான். ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து வீசுகிறது. அந்தக் காலத்துப் படகுக்காரர் தெற்கே போகப் பாய் விரித்தார்கள், வடக்கே திரும்ப நீரோட்டத்தில் விட்டார்கள். எகிப்து முழுவதையும் ஒரே அரசன் ஆள முடிந்ததற்கு இந்த வசதி பெரிய காரணம். மேல்தட்டில் உட்கார்ந்து முகத்தில் காற்று படும்போது இது தானாகவே விளங்கும்.

கரையில் கரும்பு, வாழை, பேரீச்சை, இடையிடையே எருமை, வெள்ளைக் கொக்கு. அந்தப் பச்சைக்குப் பின்னால் உடனே மணல் மலை. சில இடங்களில் வயலின் அகலம் நம் ஊர் வயல் வட்டை ஒன்றின் அளவு கூட இல்லை. சிறு தோணியில் இரண்டு பேர், ஒருவர் துடுப்புப் போட, மற்றவர் நீண்ட தடியால் தண்ணீரில் அடித்து மீனை வலைக்குள் விரட்டுவார். அம்மா அதைப் பார்த்துவிட்டு அன்று மதியச் சாப்பாட்டையே மறந்துவிட்டார். வாவிக் கரையில் பிறந்தவர்களுக்கு இந்த ஆறு அந்நியமாக இருக்காது.

லக்சரில் கிழக்குக் கரையில் ஊரும் கோயில்களும், சூரியன் மறைகிற மேற்குக் கரையில் அரசர்களின் கல்லறைகளும் இருக்கின்றன. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடும் மேற்கே படுவான்கரையில் வயலுமாக வாழ்ந்த அப்பாவுக்கு ஒரு கரையை முழுதாக இறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்தது ஏற்கவே இல்லை. "அங்கால விதைக்க ஏலாதோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். விதைக்கிறார்கள்தான். மேற்கிலும் ஆற்றை ஒட்டி வயல் உண்டு. கல்லறைகள் வெள்ளம் தொடாத மலைப் பக்கத்தில்.

கர்னாக் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். 134 தூண்கள் நிற்கிற அந்த மண்டபத்துக்குக் காலையில் வாசல் திறக்கும்போதே போய்விடுங்கள், அவ்வளவுதான். எட்ஃபுவில் கொஞ்சம் நின்று பாருங்கள். கி.மு. 237இல் தொடங்கி கி.மு. 57இல் முடித்த கோயில் அது. கட்டியவர்கள் கிரேக்க வம்சத்து தாலமி அரசர்கள், கும்பிட்டதோ எகிப்தின் பருந்துக் கடவுள் ஹோரஸை. பின்னாளில் மண்ணும் மணலும் மூடி, கூரைக்கு மேலேயே ஊர்ச் சனம் வீடு கட்டி வாழ்ந்தார்கள். 1860இல் ஒகுஸ்த் மரியத் என்ற பிரெஞ்சுக்காரர் தோண்டி வெளியே எடுக்கத் தொடங்கினார். மண்ணுக்குள் கிடந்ததால்தான் இவ்வளவு முழுதாகத் தப்பியிருக்கிறது.

எட்ஃபுவுக்கு முன்னால் எஸ்னாவில் ஒரு நீர்ப்பூட்டு வரும். கப்பல்கள் வரிசையில் நின்று, தொட்டி போன்ற இடத்துக்குள் புகுந்து, தண்ணீர் ஏற ஏற மேலே வரும். அப்போது சிறு படகுகளில் வியாபாரிகள் வந்து மேசை விரிப்பு, நீள அங்கியெல்லாம் பையில் கட்டி மேல்தட்டுக்கு எறிவார்கள். வாங்குவதென்றால் காசைப் பைக்குள் போட்டு எறியலாம், வேண்டாமென்றால் பொருளைத் திருப்பி எறியலாம். அம்மாவுக்கு நல்ல பொழுது.

அப்பாவை அசைத்தது கோம் ஒம்போதான். முதலை முகக் கடவுள் சோபெக்குக்கும் ஹோரஸுக்கும் ஒரே கட்டடத்தில் இரட்டைக் கருவறை. பக்கத்து அருங்காட்சியகத்தில் பதப்படுத்திய முதலைகள். அவர் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு ஆற்று மட்டம் அளக்கும் கிணற்றடியில் நின்றுவிட்டார். வெள்ளம் எவ்வளவு ஏறியது என்று பூசாரிகள் இப்படியான கிணறுகளில் பார்த்தார்கள். அளவாக ஏறினால் விளைச்சல், அதை வைத்து வரி. குறைந்தால் பஞ்சம், மிஞ்சினால் அழிவு. "மகன், தண்ணி நல்லா வந்திட்டு, பிறகு பூச்சி அடிச்சிட்டு எண்டா அந்த வரியைக் குறைப்பாங்களா எண்டு கேளு" என்றார். வழிகாட்டிப் பையன் கொஞ்சம் யோசித்துவிட்டு, இதுவரை ஒருவரும் தன்னிடம் இதைக் கேட்டதில்லை என்றான். வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாரோடு தண்ணீர் முறை பேசிப் பழகிய ஒருவருக்குத்தான் இந்தக் கேள்வி வரும். உங்கள் பெற்றோருக்கும் வயல் வாழ்க்கை தெரியுமென்றால், இந்தப் பயணத்தில் அவர்கள் உங்களை விட அதிகம் காண்பார்கள்.

நைலை மறிக்கும் அஸ்வான் உயரணை 1960இல் தொடங்கி 1970இல் முடிந்தது. அதன் பிறகு எகிப்து வயல்களுக்கு ஆண்டுதோறும் வந்த வெள்ளம் இல்லை, அந்த வண்டலும் இல்லை. உரம் வாங்கிப் போட வேண்டும். மின்சாரமும் ஆண்டு முழுக்கப் பாசனமும் கிடைத்தன. அணைக்குப் பின்னால் தேங்கிய நாசர் ஏரியில், அந்த ஆற்றங்கரையில் காலங்காலமாக வாழ்ந்த நூபியர்களின் ஊர்கள் மூழ்கின. எகிப்துப் பக்கம் மட்டும் ஐம்பதாயிரம் பேர் அளவில் இடம்பெயர்ந்து, பலர் கோம் ஒம்போ பக்கம் குடியேற்றப்பட்டார்கள். அம்பாறையில் கல்லோயாத் திட்டத்துக்காக இங்கினியாகலை அணையைக் கட்டியபோதும் ஆதிக்குடிகளான வேடர்களின் காடு தண்ணீருக்குள் போனது. அந்தத் திட்டத்தால் விளைந்த நெல்லைச் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு, அணையின் மேல் கால் மணி நேரம் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்புவது போதாது. அஸ்வானில் ஒரு நூபியர் கிராமத்துக்குப் படகில் போய்த் தேநீர் குடித்துவிட்டு வாருங்கள்.

கோயில்களையும் தண்ணீர் விட்டுவைக்கவில்லை. அஸ்வான் பக்கத்து ஃபிலே கோயிலை 1970களில் கல் கல்லாகப் பிரித்து அகில்கியா என்ற பக்கத்துத் தீவில் திரும்பக் கட்டினார்கள். 1902இல் முடிந்த பழைய அணையால் பல ஆண்டுகள் பாதி மூழ்கி நின்றதன் நீர்க்கறை தூண்களில் இன்றும் தெரியும். அபு சிம்பல் கோயில்களை 1964 முதல் 1968 வரை அறுத்தெடுத்து 65 மீற்றர் அளவு மேலே ஏற்றினார்கள். அங்கே போக அஸ்வானிலிருந்து தெருவால் மூன்று மணி நேரத்துக்கு மேல். அப்பாவுக்கு முதுகு வலி இருந்ததால் நாங்கள் விட்டுவிட்டோம்.

ஒரு செய்தி, இது தமிழர்களுக்கு. பழங்காலத்தில் தென்னிந்திய மிளகு ஏற்றிய கப்பல்கள் செங்கடல் கரையின் பெரனிகே துறைமுகம் வரை போயின. அங்கே கிடைத்த பானை ஓடொன்றில் பழைய தமிழ் எழுத்தான தமிழ் பிராமியில் ஒரு தமிழ்ப் பெயர் இருக்கிறது. அங்கிருந்த கோயிலில் ஏழரைக் கிலோ மிளகு கிடைத்தது. அந்தச் சரக்கு பாலைவனத்தை ஒட்டகத்தில் கடந்து, லக்சருக்கு வடக்கே இன்றைய கிப்ட் என்ற ஊரில் இதே ஆற்றில் படகேறி அலெக்சாந்திரியாவுக்குப் போனது. கப்பல் ஏறும் முன்பே இதைப் பெற்றோருக்குச் சொல்லிவையுங்கள்.

சரி, ஏற்பாடுகள். ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை போங்கள். கோடையில் லக்சர் 40 பாகையைத் தாண்டும், வயதானவர்களுக்கு ஆகாது. லக்சரில் ஏறினால் பெரும்பாலும் நான்கு இரவு, அஸ்வானில் ஏறினால் மூன்று. நான்கு இரவையே எடுங்கள். கீழ்த்தட்டு அறை மலிவு, ஆனால் துறையில் கப்பல்களைப் பக்கம் பக்கமாகக் கட்டுவார்கள். யன்னலைத் திறந்தால் அடுத்த கப்பலின் சுவர்தான். கரைக்குப் போவதும் அந்தக் கப்பல்களின் வரவேற்பறைகள் வழியாகத்தான், அதனால் அப்பா, அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும். போத்தல் தண்ணீர் மட்டும் குடியுங்கள். ஆற்றில் இறங்க வேண்டாம், நத்தை வழி வரும் ஒட்டுண்ணி நோய் அங்கே உண்டு. லக்சரின் மேற்குக் கரைக் கல்லறைகள் இருக்கிற அரசர் பள்ளத்தாக்கில் சாதாரண ரிக்கற்றுக்கு மூன்று கல்லறை பார்க்கலாம். நான்காம் ராம்சேஸின் கல்லறை நேரான, மெல்லிய சரிவு, முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் சரி. மூன்றாம் துட்மோஸின் கல்லறைக்குச் செங்குத்தான படி ஏறி இறங்க வேண்டும், அதை நீங்கள் தனியே பார்த்துவிட்டு வாருங்கள்; அவர்கள் வெளியே நிழலில் இருக்கட்டும்.